கத்திரி வெயிலில் பதினெட்டுப் பிள்ளைகளும் ஆறு ஏக்கர் நிலமும்

எங்கள் பண்ணையில் பிள்ளைகளுக்கு நடத்துகிற கோடை முகாமுக்கு முதல் வருஷம் நாங்கள் போட்ட நிகழ்ச்சி நிரல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. கலர் பிரின்ட். காலை 10 மணிக்குப் பறவை பார்த்தல், 11 மணிக்குக் களிமண்ணில் விதைப்பந்து உருட்டுதல், 12 மணிக்குப் பண்ணையைச் சுற்றி ஒரு நடை. மே மாதம், மதுராந்தகம் பக்கம், கத்திரி நடுவில். இதை உட்கார்ந்து தயாரித்த நாலு பேரும் பட்டதாரிகள்.

பத்து மணிக்குப் போனால் ஒரு பறவையும் இல்லை. வேப்ப மரத்துக்குள் ஒரு காக்கா மட்டும் வாயைத் திறந்து இளைத்தபடி உட்கார்ந்திருந்தது. "அதுவே ஏசி தேடுது" என்றான் ஒரு பையன். பதினொன்றரைக்கு, விதைப்பந்து உருட்டிக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பெண் "ஆன்ட்டி, தலை சுத்துது" என்றாள். நான் திரும்புவதற்குள் மண் குவியல் மேலேயே சரிந்துவிட்டாள்.

தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகை நிழலில் படுக்க வைத்தோம். காலை உயர்த்தி வைத்து, ஈரத் துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் போட்டு, முறத்தால் விசிறினோம். கண் திறந்து தெளிவாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் உப்பு சர்க்கரைத் தண்ணீர், மடக்கு மடக்காக. இருபது நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, "என் விதைப்பந்து காஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். எனக்குத்தான் ராத்திரி வரைக்கும் கை நடுக்கம் நிற்கவில்லை. அவள் அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்ன அந்த ஐந்து நிமிஷத்தை நான் மறக்கவே மாட்டேன்.

மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்த பண்ணைத் தாத்தா ஒரு வார்த்தைதான் சொன்னார். "இந்நேரத்துல மாடே மேயாது. புள்ளைங்கள மேய உடுறீங்களே."

பண்ணை என்றால் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. சென்னையின் தென்கோடியில் குடியிருக்கும் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற ஆறு ஏக்கர். பாதி கிணற்றுப் பாசனம், கொஞ்சம் மாந்தோப்பு, மீதி மானாவாரி. வரப்போரம் பனை, ஒரு குட்டை, நாலு மாடு, ஏழெட்டு ஆடு, கணக்கில்லாத கோழி. நிலத்தைப் பார்த்துக்கொள்கிற தாத்தாவும் ஆயாவும் அந்த ஊர்க்காரர்கள். கோடை லீவில் பத்து நாள் பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று ஆரம்பித்தது, இப்போது நாலு கோடை ஆகிவிட்டது. எங்கள் பிள்ளைகள், அவர்களுடைய சிநேகிதர்கள், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து இந்த வருஷம் பதினெட்டுப் பேர்.

தாத்தா சொன்னதை வைத்துத்தான் அடுத்த மூன்று கோடைக்கும் நேரம் போட்டோம். மாடு மேய்கிற நேரம்தான் பிள்ளைகள் வெளியே இருக்கும் நேரம். விடிகாலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை, அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல். நடுவில் ஏழரை மணி நேரம் நிழல்தான். பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி, அந்த ஏழரை மணி நேரம் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வெயிலைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை. தாகம் எடுத்தால் குடி என்று பிள்ளைகளிடம் விட்டால் விளையாட்டு மும்முரத்தில் குடிக்கவே மாட்டார்கள். அரை மணிக்கு ஒருமுறை தட்டைத் தட்டுவோம், எல்லோரும் வந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். பானைத் தண்ணீர், நீர்மோர், பானகம், காலையில் கம்பங்கூழ். மருந்துக்கடை ஓஆர்எஸ் பாக்கெட் பத்தாவது கையில் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. உப்பைக் கண்ணளவில் போடக் கூடாது, கூடினால் கெடுதல். தலை சுற்றல், வாந்தி, அதிக வியர்வை என்றால் நிழலும் தண்ணீரும் பெரும்பாலும் போதும். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் உளறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும் வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாத பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சரி, விதைப்பந்துக்கு வருவோம். இதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விதையைக் களிமண்ணில் பொதிந்து வீசுவதை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜப்பானிய விவசாயி மசனோபு ஃபுகோகா. மழை வரும்வரை எறும்பும் பறவையும் விதையைத் தின்னாமல் மண் காக்கும் என்பது கணக்கு. நல்ல யோசனைதான். ஆனால் நாங்கள் செய்தது என்ன? மே மாதத்தில், போன ஆடியில் பொறுக்கி மூட்டை கட்டி வைத்த வேப்பங்கொட்டையைப் போட்டு உருட்டினோம். வேப்ப விதைக்கு ஆயுசு சில வாரம்தான். பழுத்து விழுந்த சூட்டோடு விதைத்தால் முளைக்கும், மாசக் கணக்கில் சாக்கில் கிடந்தது முளைக்காது. போதாததற்கு எங்கள் பக்கம் பெருமழை என்பது ஐப்பசி, கார்த்திகை. ஆக, பிள்ளைகள் கை வலிக்க உருட்டியது செத்த விதை. அதை எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் எறிந்து, கைதட்டி, போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அடுத்த வருஷம் வந்ததும் அதே பெண், மயங்கி விழுந்தாளே அவள்தான், நேராக ஏரிக்கரைக்கு ஓடினாள். திரும்பி வந்து "ஒண்ணுகூட இல்ல ஆன்ட்டி" என்றாள். ஏமாற்றமாகக்கூட இல்லை, ஏதோ எதிர்பார்த்தது மாதிரி சொன்னாள். பிள்ளைகளுக்குப் பொய் வேலை எது, நிஜ வேலை எது என்று தெரியும். நாம் ஏற்பாடு செய்கிற 'செயல்பாடுகளில்' பாதி அவர்கள் நமக்காகச் செய்து காட்டுகிறவை.

அன்றிலிருந்து ஒரே விதி வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் செய்யாவிட்டால் பண்ணையில் நிஜமாகவே ஏதாவது கெட்டுப்போக வேண்டும். அப்படிப்பட்ட வேலையாக மட்டும் கொடுப்போம்.

முதல் வேலை மரக்கன்றுகளுக்குத் தண்ணீர். போன ஐப்பசியில் நட்ட புங்கம், நாவல், இலுப்பை என்று எழுபத்திரண்டு கன்று. அவற்றுக்கு முதல் கோடைதான் கண்டம், அதைத் தாண்டிவிட்டால் மரம். ஆளுக்கு நாலு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மண்பானை கழுத்து வரை புதைத்திருக்கிறது. அடியில் சின்ன ஓட்டை, அதில் துணித் திரி. பானையை நிரப்பி மேலே ஓட்டுச் சில்லை வைத்து மூடினால் தண்ணீர் வேரோரம் கசிந்துகொண்டே இருக்கும், வெயில் குடிக்க முடியாது. சுற்றிலும் காய்ந்த இலையைக் கனமாகப் பரப்ப வேண்டும். பிள்ளைகள் சாயங்காலம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போவார்கள். போகும்போது பாதி சிந்தும். மூன்றாவது நாள் பார்த்தால் சிந்தாமல் போவதற்கு அவர்களாகவே குடத்துக்குள் ஒரு பூவரச இலையை மிதக்க விட்டிருந்தார்கள். ஊர்ப் பையன் ஒருவன் சொல்லிக் கொடுத்தது.

ஒருவன் மூன்று நாள் ஏமாற்றிவிட்டான். நாவல் கன்று காய்ந்துபோனது. யாரும் திட்டவில்லை. ஆனால் தாத்தா அதைப் பிடுங்கிப் போடவும் இல்லை. அந்தக் குச்சி அப்படியே நின்றது, அவன் தினமும் அதைத் தாண்டித்தான் மற்ற மூன்றுக்கும் போக வேண்டியிருந்தது.

இரண்டாவது வேலை மாட்டுக் கொட்டகை. சாணி அள்ளுவது, தொட்டி கழுவுவது, புல் போடுவது. நகரத்துப் பிள்ளை சாணியைத் தொடுமா என்று கவலைப்பட்டோம். முதல் நாள் மூக்கைப் பிடித்தவர்கள் இரண்டாம் நாள் யார் அள்ளியது பெரிய கூடை என்று சண்டை போட்டார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் சமையல் கட்டுப் பக்கம் வரக் கூடாது, இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. சானிடைசர் தடவினேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டோம், சாணியும் மண்ணும் ஒட்டிய கைக்கு அது உதவாது. கறவைப் பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கொடுப்பதும் இல்லை. "அந்தக் காலத்தில் நாங்க அப்படியே குடிச்சோம்" என்று ஒரு தாத்தா பாட்டி ஜோடி வந்து வாதாடியது. அந்தக் காலத்தில் எத்தனையோ நடந்தது.

கறப்பதைப் பார்க்க ஐந்தரைக்கே கூட்டம் கூடிவிடும். கன்றை முதலில் கொஞ்சம் ஊட்ட விட்டால்தான் பசு பாலை இறக்கும். அப்புறம் கன்றை இழுத்து முன்னால் கட்டிவிட்டு, தாய் அதை நக்கிக்கொண்டிருக்கும்போதே ஆயா கறக்க உட்கார்வார். சொம்பின் அடியில் முதலில் 'சர்ர்' என்று தகரச் சத்தம், நிரம்ப நிரம்ப அது நுரைக்குள் அமுங்கி 'சொர் சொர்' என்று மாறும். கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு பால் ஆச்சு என்று சொல்வது பிள்ளைகளே கண்டுபிடித்த போட்டி. ஒருநாள் காலை பாவம் பார்த்து ஒருவன் ஐந்து மணிக்கே எழுந்து கன்றின் தும்பை அவிழ்த்து விட்டுவிட்டான். ஆயா சொம்போடு வரும்போது மடி வற்றிக் கிடந்தது, கன்று வாயெல்லாம் நுரை. அன்று பெரியவர்கள் எல்லோருக்கும் கடுங்காப்பி. "கன்னுக்குப் பங்கு இருக்குதுப்பா, ஆனா மொத்தமும் அதுக்குத் தந்தா அதுக்கே கழிச்சல் கண்டுரும்" என்றார் ஆயா. அவிழ்த்தவன் அன்று முழுக்கக் கன்றின் பின்புறத்தையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நடுப்பகல் கதை. வெயில் ஆகாத வேலைகள் இருப்பது போல, வெயிலே வேண்டும் என்கிற வேலையும் ஒன்று உண்டு. கூழ் வடகம். விடிவதற்குள் ஆயாவும் நாங்களும் அரிசி மாவும் ஜவ்வரிசியும் போட்டுக் கூழ் கிண்டுவோம். பச்சை மிளகாய், சீரகம், உப்பு, இறக்கி ஆறியதும் எலுமிச்சைச் சாறு. எட்டு மணிக்குள் நனைத்த வேட்டியைக் களத்தில் விரித்துப் பிள்ளைகள் கரண்டியால் ஊற்றுவார்கள். அமீபா, இலங்கை, பூனைத் தலை, எல்லா உருவத்திலும் வடகம் காயும். அப்புறம் காக்கா காவல். திண்ணை நிழலில் உட்கார்ந்துகொண்டு, நீளக் குச்சியில் கறுப்புத் துணி கட்டி ஆட்ட வேண்டும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு ஜோடி. காவலுக்கு இருந்தவர்கள் பாதி காய்ந்ததைத் தின்றது காக்கா தின்றதைவிட அதிகம், அது தனிக் கணக்கு. பாதி காய்ந்த வடகத்தின் புளிப்பும் உறைப்பும் தின்றவர்களுக்குத்தான் தெரியும், நானும் தின்றேன். சாயங்காலம் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, மறுநாள் தட்டில் போட்டு இன்னொரு வெயில். ஆளுக்கு ஒரு பொட்டலம் வீட்டுக்குப் போகும். ஐப்பசி மழையில் பொரித்தோம் என்று இன்றைக்கும் போட்டோ வருகிறது.

மற்றபடி நடுப்பகலில் தூக்கம்தான். பிள்ளைகள் தூங்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், ஐந்து மணிக்கு எழுந்த பிள்ளை பன்னிரண்டுக்குச் சாய்ந்துவிடும். தூங்காதவர்களுக்குப் பல்லாங்குழி, பனையோலைக் காற்றாடி. அப்புறம் குழியானை.

கொட்டகை இறவாரத்துக்குக் கீழே மழை படாத புழுதியில் புனல் புனலாகக் குழி இருக்கும். எறும்பு வழுக்கி விழுந்தால் அடியிலிருந்து புழுதி வந்து அடிக்கும், எறும்பு மேலே ஏற முடியாமல் சறுக்கும், இரண்டு கொடுக்கு அதை உள்ளே இழுக்கும். முதல் வருஷம் வேலிக்கு வெளியே நின்று எங்களை வேடிக்கை பார்த்த ஊர்ப் பிள்ளைகளை இரண்டாம் வருஷம் உள்ளே சேர்த்துக்கொண்டோம், அதில் பத்து வயதுப் பையன் ஒருவன்தான் இதற்கு வாத்தியார். குழிக்குக் கீழே கையைச் செருகி ஒரு பிடி புழுதியை அள்ளி விரலிடுக்கில் மெதுவாகச் சலிப்பான். கடைசியில் உள்ளங்கையில் மண் நிறத்தில் ஒரு பூச்சி பின்பக்கமாக நடக்கும். நேராக நடக்கவே தெரியாது அதற்கு. வளர்ந்த பிறகு தட்டான் மாதிரி நீளச் சிறகோடு பறக்கும் என்று நான் புத்தகத்தைக் காட்டியபோது அவன் நம்பவில்லை. பிறகு ஒரு ராத்திரி விளக்கடியில் அப்படி ஒன்று வந்து உட்கார்ந்தது. அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு "இது அதுவா?" என்று மட்டும் கேட்டான்.

கிணற்றைப் பற்றிப் பிள்ளைகளைவிட அப்பாக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தக் கற்ற கதை ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. எங்கள் முடிவு, வேண்டாம் என்பது. கோடையில் நீர் மட்டம் இறங்கி, பாசி பிடித்த படி வெளியே தெரியும். மேலே நிற்பவருக்குத் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. பதினெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வீரம் தேவையில்லை. கிணற்று வாசலுக்குப் பூட்டு. அதற்குப் பதில் பம்புசெட் தொட்டி, இடுப்பளவு ஆழம். பம்பு ஓடுவதற்கான மும்முனை கரண்ட் வரும் நேரம் பார்த்துக் குளிக்க விடுவோம், பக்கத்தில் ஒரு பெரியவர் போன் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். போன் இல்லாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். குளித்த தண்ணீர் அப்படியே கத்திரித் தோட்டத்துக்குப் போய்விடும்.

பாம்புக்கும் அப்படித்தான், பயமும் வேண்டாம், வீரமும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் படத்தில் காட்டிவிடுவோம். வைக்கோல் போர், விறகுக் குவியல், கல் இடுக்கு ஆகியவற்றில் கை விடக் கூடாது. இருட்டிய பிறகு செருப்பும் டார்ச்சும் இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது. படுக்கை கட்டிலில்தான், தரையில் இல்லை, கட்டுவிரியன் ராத்திரியில் வருவது. கடித்துவிட்டால் கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து நேராக விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று முகாமுக்கு முன்பே நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்வோம், ராத்திரி வரக்கூடிய கார் டிரைவர் ஒருவரிடமும் சொல்லி வைப்போம். அந்த விஷமுறிவு மருந்து தயாரிப்பதற்கான விஷத்தில் பெரும்பகுதி, எங்களிடமிருந்து ரொம்பத் தொலைவில்லாத வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது என்று சொன்னதும் பிள்ளைகள் பாம்பைப் பார்க்கிற பார்வையே கொஞ்சம் மாறுகிறது. நாலு கோடையில் ஒரு சாரைப்பாம்பையும் ஒரு தண்ணிப் பாம்பையும் தவிர எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை.

வேடந்தாங்கல் பக்கம்தானே, அங்கே அழைத்துப் போகலாமே என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். போகலாம், ஆனால் மே மாதத்தில் இல்லை. சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் ஏரி வற்றி, பறவைகளும் பெரும்பாலும் கிளம்பிவிட்டிருக்கும். ஒரு வருஷம் வேன் பிடித்துப் போய் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வந்தோம். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு, 1798-இலேயே கலெக்டரிடம் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதி வாங்கிய ஊர் அது, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கதையைத் திண்ணையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். வேன் வாடகை மிச்சம்.

நுங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முற்றின நுங்கைக் கடுக்காய் என்பார்கள். சும்மா கிடைக்கிறதே என்று அதைத் தின்ற மூன்று பேர் ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கட்டைவிரல் வைத்தால் உள்ளே போக வேண்டும், அதுதான் இளசு. அரிவாள் பனையேறியின் கையில் மட்டும். தின்று முடித்த நுங்குக் கூடு இரண்டையும் குச்சியில் கோத்து, கவைக்கொம்பால் தள்ளினால் வண்டி. இதற்கு யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ராத்திரி எட்டரைக்கு மேல் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் களத்தில் கட்டில் போடுவோம். இது என் மாமியாரின் யோசனை. நட்சத்திரம் காட்டுகிறேன் பேர்வழி என்று நான் சப்தரிஷி மண்டலம், அது இது என்று ஆரம்பித்தபோது யாரும் கவனிக்கவில்லை. "அவங்கவங்க ஜென்ம நட்சத்திரத்தைக் காட்டேன்" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட்டு, தன் நட்சத்திரம் என்ன என்று கேட்டு வந்துவிட்டார்கள். மே மாதம் முன்னிரவுக்கு வானம் தாராளம். உச்சிக்கு மேற்கே மகம், உச்சியிலேயே உத்திரம், கிழக்கே நல்ல ஆரஞ்சு நிறத்தில் சுவாதி, அதற்குத் தெற்கே வெள்ளையாகச் சித்திரை. ஒன்பது மணிக்கு மேல் தென்கிழக்கில் சிவப்பாகக் கேட்டை ஏறும். தெற்கே பனை மரங்களுக்குக் கொஞ்சம் மேலே சின்னச் சிலுவையாகத் திரிசங்கு. மூலம் என்று சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, விருச்சிகத் தேளின் கொடுக்கான அந்த நட்சத்திரம் எழும்புகிற வரை பத்தரைக்கு மேல் விழித்திருந்து காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

பரணி, கார்த்திகை, ரோகிணிக்காரர்கள் மூன்று பேருக்குத்தான் ஏமாற்றம். அவர்களுடைய நட்சத்திரம் இந்த மாதம் பகலில் வெயிலோடு வெயிலாகப் போய்விடுகிறது. மே 4 வாக்கிலிருந்து 28 வாக்கு வரை சூரியன் அந்த மூன்றின் பக்கத்தைத்தான் கடக்கிறது, அக்னி நட்சத்திரம் என்ற பேரே அதனால் வந்ததுதான். "அப்ப இந்த வெயிலுக்குக் காரணமே நீங்கதான்டா" என்று மற்றவர்கள் அவர்களைப் பத்து நாளும் ஓட்டினார்கள்.

இந்த வருஷம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மூன்றாம் நாள் விடிகாலையில் மானாவாரி நிலத்தில் நடந்துகொண்டிருந்தபோது ஆள்காட்டிப் பறவை ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தது. தாத்தா எங்களை நிற்கச் சொன்னார். "காலைப் பார்த்து வைங்க." நாலடி தள்ளி, வெறும் தரையில், கூடு என்று சொல்ல எதுவும் இல்லை, சின்னக் கல்லும் ஆட்டுப் புழுக்கையும் கிடக்கிற ஒரு பள்ளத்தில் நாலு முட்டை. மண் நிறத்தில் கறுப்புத் திட்டு. கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்து, பூ மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தாலும் கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பினால் காணாமல் போய்விடும், அப்படி ஒரு நிறம்.

உடனே பின்வாங்கினோம். நாம் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் தாய் முட்டைமேல் இல்லை, வெயில் ஏறிவிட்டால் முட்டை வெந்தே போகும். மாந்தோப்பு நிழலிலிருந்து பைனாகுலரில் மட்டும் பார்க்கலாம் என்று விதி. நடுப்பகலில் தோப்புக்குப் போன பிள்ளைகள்தான் அதைப் பார்த்தார்கள். பறவை குட்டைக்குப் போகிறது, தண்ணீரில் அடிவயிற்றை அமுக்குகிறது, சொட்டச் சொட்ட வந்து முட்டைமேல் உட்கார்கிறது. சொட்டு நீர்ப் பாசனம் என்று பேர் வைத்தார்கள்.

ஏழாம் நாள் ராத்திரி கோடை மழை. நல்ல மழை. தாத்தாவுக்குச் சந்தோஷம், மறுநாளே டிராக்டருக்குச் சொல்லிவிட்டார். கோடை உழவு கோடி நன்மை என்பார்கள், அந்த ஈரம் காய்வதற்குள் ஒரு சால் ஓட்டிவிட்டால் களை போகும், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெளியே வந்து வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். ஆனால் நிலத்தின் நடுவில் நாலு முட்டை.

பிள்ளைகள் திண்ணையில் கூட்டம் போட்டார்கள். கூட்டைச் சுற்றிக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டலாம் என்றாள் ஒருத்தி. "காக்காய்க்கு அட்ரஸ் குடுக்கிறியா?" என்றான் குழியானைப் பையன். அவன் சொன்னபடிதான் செய்தோம். கூட்டிலிருந்து பத்தடி தள்ளி, நாலு மூலையிலும் காய்ந்த பனை மட்டை, தானாக விழுந்தது போல. எழுதி வைத்த அடையாளம் ஒன்றும் இல்லை.

டிராக்டர் தம்பி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரு குருவிக்கு இவ்ளோ எடம் உடணுமா? டீசல் என்னா விலை தெரியுமாக்கா?" கூடுதலாகச் சுற்றி வருகிற நேரத்துக்கும் வாடகை போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வண்டியை ஓட்டினார். கொக்கும் மைனாவும் கரிச்சானும் பின்னாலேயே புழு பொறுக்கிக்கொண்டு போயின. மட்டைக்கருகில் வரும்போது ஆள்காட்டி எழும்பி நேராக டிராக்டர் பானெட்டைக் கொத்துவது போல் பாய்ந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு கலப்பையைத் தூக்கினார், தாண்டினார், இறக்கினார். ஒவ்வொரு சாலுக்கும் அப்படியே. கடைசிச் சால் முடிவதற்குள் ஜோடியில் ஒன்று திரும்பி முட்டைமேல் உட்கார்ந்துவிட்டது. செம்மண் புரண்ட நிலத்தின் நடுவே உழாத ஒரு சதுரம், அதற்குள் ஒரு தலை மட்டும் தெரிந்தது. தம்பி வாடகையில் ஐம்பது ரூபாய் அதிகமாகத்தான் வாங்கினார், நியாயம்தான்.

பத்தாம் நாள் நாங்கள் கிளம்பும் வரை முட்டை பொரிக்கவில்லை. பிள்ளைகள் தினமும் என் வீட்டுக்குப் போன். ஒன்றரை வாரம் கழித்து ஆயா கூப்பிட்டார். "மூணு பொரிச்சு ஓடிடுச்சும்மா. ஒண்ணு கூமுட்டை." நான் சந்தோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆயா விடவில்லை. "உழாம உட்ட அந்த எடத்துல மட்டும் கோரை மண்டிக் கெடக்குது. புள்ளைங்களை ஒரு ஞாயித்துக்கெழமை வந்து புடுங்கிட்டுப் போவச் சொல்லு."